பன்னிரண்டாவது அட்டை

மஸ்கட்
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஞானசௌந்தரி எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே சுகம். உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, டெபோரா மதினிக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று மறைக்காமல் எழுதுங்கள். போனில் கேட்டால் "ம்" என்று சொல்லி மதினியிடம் கொடுத்துவிடுவீர்கள். தாளில்தான் உங்களுக்கு வாய் திறக்கும். தபாலாபீஸ்காரரோடு கூடப்பிறந்தவள் வேறு என்ன செய்ய, ஸ்டாம்ப் ஒட்டித்தான் ஆகவேண்டும்.

சுஜின் உங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அவன் அப்பா தவறிய பிறகு திசையன்விளையில் அவனைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்றதும், நீங்கள் ஒரு வார்த்தை யோசிக்காமல் "ஸ்ரீவைகுண்டத்துக்கு அனுப்பு" என்றீர்கள். அதை நான் மறக்கமாட்டேன். ஒன்பதாம் வகுப்பு வந்தும் தட்டில் கத்திரிக்காயை ஒதுக்குவான். திட்டாதீர்கள். பேச்சு குறைவு, அதில் உங்களைக் கொண்டிருக்கிறான்.

முக்கியமாக ஒன்று. அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏழு வயதில் தோட்டத்துக் கிணற்றில் ஆடு விழுந்து செத்ததைப் பார்த்ததிலிருந்து, குளிக்கக்கூட வாளித் தண்ணீர்தான். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்று இறங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் அண்ணா.

ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
ஞானசௌந்தரி


ஸ்ரீவைகுண்டம்
24.6.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

அண்ணன் நேசையாவின் ஸ்தோத்திரம். எங்கள் மூவருக்கும் சுகக்கேடு ஒன்றுமில்லை. சர்க்கரை நூற்று அறுபது. மதினி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு என் சட்டையில் கையைத் துடைக்கிறாள். மற்றபடி நலம்.

உன் மகனைப் பொருநைச் சாரணர் குழுவில் சேர்த்துவிட்டேன். எந்தப் பள்ளியையும் சேராத குழு. எந்தப் பள்ளிப் பிள்ளையும் வரலாம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து மூன்று மணிக்குச் சபை மைதானத்தில் கூடுவோம். நான் பத்தொன்பது வருடமாகச் சம்பளம் வாங்காமல் செய்கிற ஒரே வேலை. தபாலாபீஸில் எனக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அந்த மைதானத்தில் காக்கி அரைக்கால்சட்டைப் பிள்ளைகளிடம் கிடைக்கிறது.

முதல் நாளே சுஜின் திருதிருவென்று விழித்தான். நாங்கள் இடது கையால்தான் கைகுலுக்குவோம். சாரணனுக்குச் சாரணன் இடது கை. வெளியாள் வந்தால் வலது கை. "மாமா, சோத்துக்கையைத்தான குடுக்கணும்?" என்று என் காதில் கேட்டான். அவன் அணித்தலைவன் அனஸ், ஏரல் பையன், பிளஸ் ஒன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஏலே, இடது கை நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்குல்லா. நம்ம ஆளுவளுக்குத்தான் அது." போன டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் ரொட்டி சுமந்தவன் இந்த அனஸ். சுஜின் அவன் பின்னாலேயே சுற்றுகிறான்.

தண்ணீர் பயத்தை எழுதியிருந்தாய். சிரிப்புதான் வந்தது. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் வயிற்றில் பிறந்தவனுக்கு நீச்சல் வராமலா போகும்? ஆற்றங்கரையில் எந்தப் பிள்ளைக்கு யார் நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள்? தானாக வரும்.

இப்படிக்கு உன் அண்ணன்,
நேசையா
சாரண ஆசிரியர், பொருநைத் திறந்த குழு


மஸ்கட்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரின் சுகத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே வெயில் நாற்பத்தாறு. ஆஸ்பத்திரிக்குள் ஏசி இருப்பதால் பிழைத்துக்கிடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனில் சுஜின் அரைமணி நேரம் பேசினான் அண்ணா. அவன் அப்பா போனபிறகு இத்தனை பேசியதே இல்லை. அனஸ் அப்படிச் சொன்னான், அனஸ் இந்த முடிச்சுப் போட்டான் என்று ஒரே அனஸ் புராணம். சீருடையில் நிற்கிற போட்டோவை என்னோடு வேலை செய்யும் தஸ்மியாவிடம் காட்டினேன். அவள் ஊரும் ஏரல்தான். "நம்ம ஊர்ப் பையன் பின்னாலயா சுத்துதான், அப்ப நல்லாருப்பான்" என்றாள்.

ஆற்றுத் தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து நானும் சிரித்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எனக்கென்ன கவலை. உங்களுக்கு இடது கை, மதினிக்கு வலது கை கொடுத்து முடிக்கிறேன்.

ஞானசௌந்தரி


ஸ்ரீவைகுண்டம்
8.9.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் தபால்காரன் கடிதம் மாதிரி இருக்கிறது என்பாய். ஆனாலும் நலம்தான்.

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். காந்தி ஜெயந்தி அன்று அணைக்கட்டுக்கு மேற்கே, தேங்கிய தண்ணீரில், பிள்ளைகள் தெப்பம் விடப்போகிறார்கள். மாவட்டச் சாரணர் அலுவலகத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். தார் வெட்டின வாழைமரங்களைத் தோட்டக்காரர்கள் சும்மாவே தருகிறார்கள். எட்டு மரத்தை அடுக்கி, குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டினால் மூன்று பிள்ளை உட்காரலாம். முடிச்செல்லாம் அனஸின் பொறுப்பு. அவன் பெயரை ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன். தேறினால் ஆளுநர் கையெழுத்திட்ட சான்றிதழ் வரும். அடுத்த வருடம் அவனுக்குப் பிளஸ் டூ, பிறகு வரமுடியாது. இந்த வருடம்தான்.

தெப்பத்தில் ஏறுகிறவனுக்கு நீச்சல் தேர்வு முடிந்திருக்கவேண்டும் என்பது விதி. தேர்வு அட்டையில் என் கையெழுத்து இருந்தால்தான் ஏறலாம். பன்னிரண்டு அட்டை, முந்தாநாள் சாயங்காலம் கவுன்ட்டரை மூடிய கையோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். முத்திரை குத்திப் பழகிய கை, நிற்குமா?

சுஜின் ஒரு அங்குலம் வளர்ந்திருக்கிறான். கத்திரிக்காயும் தின்கிறான்.

உன் அண்ணன்,
நேசையா, சாரண ஆசிரியர்


ஸ்ரீவைகுண்டம்
12.10.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

எல்லாரும் நலம். சுஜினுக்கு நாலைந்து நாள் காய்ச்சல் இருந்தது. இப்போது பரவாயில்லை, பள்ளிக்கூடம் போகிறான். போனில் சரியாகப் பேசாவிட்டால் அதுதான் காரணம்.

தெப்ப நிகழ்ச்சி முடிந்தது. இங்கே வெயில் தாழ்ந்திருக்கிறது. வாழைத்தார் விலை ஏறியிருக்கிறது. மதினி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

நேசையா, சாரண ஆசிரியர்


மஸ்கட்
2.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் கேட்காமலேயே வாழைத்தார் விலை எழுதியிருக்கிறீர்கள். உடம்பு சரியில்லையா?

சுஜின் இப்போது உங்களைப் போலவே "ம்" என்கிறான். நாலு வெள்ளிக்கிழமையாக அனஸ் பெயர் அவன் வாயில் வரவில்லை. நான் கேட்டால், "இப்ப அவன் வரமாட்டான்மா" என்கிறான். ஏன் என்றால் போனை மதினியிடம் கொடுக்கிறான்.

நேற்று தஸ்மியா ஊருக்குப் பேசிவிட்டு வந்து சொன்னாள். காந்தி ஜெயந்தி அன்று அணைக்கட்டுப் பக்கம் ஒரு பிள்ளை ஆற்றில் மூழ்கப்போனதாம், ஏரல் பையன் ஒருவன் குதித்துத் தூக்கினானாம்.

அது என் பிள்ளையா அண்ணா? எனக்கு நேராகப் பதில் வேண்டும். வார்டில் வேலைக்கு நடுவே இதை எழுதுகிறேன்.

ஞானசௌந்தரி


ஸ்ரீவைகுண்டம்
20.11.2024

அன்புள்ள ஞானத்துக்கு,

தூர தேசத்தில் தனியாக இருப்பவளைக் கலங்கவைக்க வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. உன் பிள்ளைதான். இப்போது பூரண சுகம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெப்பம் நடு ஆற்றில் போகும்போது ஈரக் கயிறு வழுக்கி மரங்கள் பிரிந்துவிட்டன. கூட இருந்த இருவரும் நீந்திக் கரையேறினார்கள். சுஜின் தண்ணீர் குடித்துவிட்டான். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அவனைத் தூக்கியது அனஸ்தான், அதை மறுக்கவில்லை.

நீச்சல் தெரியாதவன் தெப்பத்தில் ஏறியது எப்படி என்று மாவட்டத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அணித்தலைவன் என்னைக் கேட்காமல் ஏற்றிவிட்டான் என்பது விசாரணையில் தெரியவந்தது. அவனுடைய தலைவர் பட்டை திரும்பப் பெறப்பட்டது. ராஜ்ய புரஸ்கார் பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டது. வருத்தம்தான். ஆனாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

கவலைப்படாமல் வேலையைப் பார்.

நேசையா
சாரண ஆசிரியர், பொருநைத் திறந்த குழு


மஸ்கட்
15.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மூவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். இந்தக் கடிதம் பண்டிகைக்கு முன்னால் வந்துசேரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று படித்ததும் குளியலறையில் போய் அழுதேன். பிறகு, தூக்கினவன் வீட்டுக்கு நன்றி சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியா என்று தோன்றியது. தஸ்மியா மூலம் நம்பர் வாங்கி அனஸின் அம்மா மஹ்மூதா பீவிக்குப் பேசினேன். நான் இன்னார் என்று சொல்லி வாய் மூடவில்லை, அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மாப்பு பண்ணிருங்கம்மா. ஒங்க பிள்ளையை எம் பிள்ளைதான் தண்ணிக்குள்ள கொண்டு விட்டுட்டான்னு சார் சொல்லுதாவ. நான் அடிக்கக்கூட செஞ்சேன். அவன் அட்டையைப் பாத்துட்டுத்தான் ஏத்துனேன், சார் கையெழுத்து இருந்துச்சுன்னு சாதிக்கான். எங்கலே அந்த அட்டைன்னா முழிக்கான். பொய் சொல்லுதான் போல. இதுவரை பொய் சொன்னதில்ல. யார்ட்ட படிச்சான்னு தெரியல."

என் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவனுடைய தாய் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் அண்ணா. நான் என்ன சொல்லட்டும்? "அழாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றி சொல்லப் போனவள் நன்றியே சொல்லவில்லை. இரண்டு நாளாகத் தஸ்மியா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

நீச்சல் தெரியாத என் மகன் அட்டையில் கையெழுத்து இருந்ததா, இல்லையா? இது மட்டும் எழுதுங்கள்.

ஞானசௌந்தரி


ஸ்ரீவைகுண்டம்
3.1.2025

அன்புள்ள ஞானத்துக்கு,

புத்தாண்டு வாழ்த்துக்கள். பண்டிகை நல்லபடியாக முடிந்தது. மதினி முறுக்கு சுட்டாள். மழையால் ஆற்றில் தண்ணீர் கூடுதல். சுஜின் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் எழுபத்தெட்டு.

நீ கேட்டிருந்த விஷயம் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். தபாலாபீஸில் ஆள் பற்றாக்குறை.

நேசையா, சாரண ஆசிரியர்


மஸ்கட்
17.1.2025

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தை இத்துடன் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். ஒரு வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன். பன்னிரண்டு அட்டை, ஒரே மூச்சு. இதைப் படித்த அன்று நான் சிரித்தேன். ஜூன் மாதம் என் பயத்தைப் பார்த்து நீங்கள் சிரித்தபோதும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதனால் உங்களை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு வாய் இல்லை.

ஆனால் ஒரு பிள்ளை அவன் தாய்க்கே பொய்யனாகிக்கிடக்கிறான். பிப்ரவரி கடைசிக்குள் சொன்னால் பட்டியலில் பெயர் சேர்க்கலாமாம், மஹ்மூதா பீவி சொன்னார்கள். உங்களிடம் சிபாரிசு செய்யச் சொல்லி என்னைக் கேட்டார்கள்.

சுஜினிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவன் வாயால் தன் மாமாவைப் பற்றிக் கேட்க எனக்கு மனமில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ஞானசௌந்தரி


ஸ்ரீவைகுண்டம்
24.2.2025

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்றரை வாரம் ஆகிறது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. நீ சுகமாக இருக்கவேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

கையெழுத்து இருந்தது. என்னுடையதுதான். பன்னிரண்டு அட்டையில் கடைசி அட்டை சுஜினுடையது. மற்ற பதினொரு பேருக்கும் நான் தேர்வு வைக்கவில்லை. அவர்கள் ஆற்றில் குதித்து விளையாடுவதை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அதுவே போதும் என்று நினைத்தேன். உன் பிள்ளையை அப்படிப் பார்த்ததும் இல்லை. நீ எழுதியது ஒரு நொடி ஞாபகம் வந்தது ஞானம். வந்தும் போட்டேன். மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் முன்னால் என் சொந்த மருமகன் கரையில் நிற்பதா என்று நினைத்தேன். காந்தி ஜெயந்தி அன்று தெப்பத்தில் ஏறும்போது அவன் தயங்கினான். "மாமா, எனக்கு" என்று தொடங்கினான். "இடுப்பளவு தண்ணிதாம்லே, போ" என்றேன். அனஸ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நீச்சல் தெரியுமாலே?" என்று அவனிடம் கேட்கவும் செய்தான். சுஜின் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

இனி எழுதப்போவதை மதினிக்குக்கூட இதுவரை சொல்லவில்லை. அனஸ் அவனைத் தூக்கிவந்து படித்துறைக் கல்லில் கிடத்தினான். நான்தான் முதலுதவி சொல்லிக்கொடுக்கிறவன். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்தேன். உன் மகனுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கும் முன்னால் என் கை அவன் சட்டைப்பைக்குள் போனது. அட்டையை எடுத்து என் பைக்குள் வைத்தேன். அந்த நேரத்தில் அவன் கண்ணைத் திறந்தான். என் கை அவன் பையில் இருப்பதைப் பார்த்தான். அனஸ்தான் அவனைப் புரட்டிப்போட்டுத் தண்ணீரை வெளியேற்றினான்.

விளக்கம் கேட்டபோது, "அட்டை இல்லாமல் அணித்தலைவன் ஏற்றினான்" என்று என் கையாலேயே எழுதினேன். ஐந்து மாதமாகச் சுஜின் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஒருநாளும் கேட்கவில்லை. கத்திரிக்காயை மட்டும் மறுபடி ஒதுக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட என்னால் முடிந்தது பார், அந்த வெட்கத்தை எங்கே கொண்டு வைக்க.

அட்டையைக் கிழிக்கவில்லை. எழுத்துள்ள தாளைக் கிழிக்க இந்தக் கைக்கு வராது. மேசை இழுப்பறையில் பழைய முத்திரைகளுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. போன புதன்கிழமை அதை எடுத்து, நடந்ததை எழுதி, ராஜினாமாவும் சேர்த்து, மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். அனஸின் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

சனிக்கிழமை ஏரலுக்குப் போனேன். மஹ்மூதா பீவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். சிபாரிசுக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்து, சொல்லவிடாமல் டீ கொடுத்தார்கள். சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "அஞ்சு மாசமா எம் பிள்ளையைப் பொய்யன்னு நெனச்சுட்டேனே சார். கைநீட்டி அடிச்சுட்டேனே. அதை இப்ப யார்ட்ட போய்க் கேப்பேன்" என்றார்கள். அனஸ் அப்போது வீட்டில் இல்லை. டீயை மிச்சம் வைத்தால் அந்த அம்மா வருத்தப்படுவார்கள் என்று குடித்து முடித்துவிட்டு வந்தேன். அது தொண்டையில் இறங்கியது எனக்கே அருவருப்பாக இருந்தது.

நேற்று ஞாயிறு. பிள்ளைகள் குதிரைலாட வடிவில் நின்றார்கள். அனஸையும் வரச்சொல்லியிருந்தேன், சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டையில் கடைசியில் நின்றான். நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப்பையில் கை விட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது சுஜின் தரையைப் பார்த்தான். கழுத்துத் துணியை அவிழ்த்து உதவி ஆசிரியர் சிவகணேஷ் கையில் கொடுத்தேன். அவர் அனஸைக் கூப்பிட்டு, தலைவர் பட்டையை அவன் சட்டைப்பையின் மேல் குத்திவிட்டார். சுஜின்தான் முதலில் கை தட்டினான்.

கலையும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, பழக்கம் விடாமல், இடது கையைக் கொடுத்தார்கள். சுஜினும் கொடுத்தான். அவன் கை குளிர்ந்திருந்தது. அனஸ் தனக்கு நீச்சல் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று சொன்னான். ஐந்து மாதத்தில் என்னிடம் அவன் சொன்ன ஒரே முழு வாக்கியம் அதுதான். நீ அவனை வேறெங்காவது அனுப்ப நினைத்தால் நான் தடுக்கமாட்டேன். அவனிடமே கேட்டு முடிவு செய்.

கடைசியாக அனஸ் வந்தான். நான் இடது கையை நீட்டினேன். அவன் ஒரு நொடி அதைப் பார்த்தான். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. பிறகு, "வாரேன் சார்" என்று வலது கையை நீட்டினான்.

இடது கையை மடக்கிக்கொண்டு, நானும் வலது கையைக் கொடுத்தேன்.

உன் அண்ணன்,
நேசையா